காதறுந்த சைக்கிள்

“பிடிங்க! விழப்போகுது, பிடிங்க!”

சஃபா கத்திய கத்தலில் பக்கத்து லேனில் வந்த லொறிக்காரனே திரும்பிப் பார்த்தான்.

மெல்பேர்ண் புறநகரில், வெரிபீயிலிருந்து பொயிண்ட் குக் போகிற வழி. வட்டச் சந்தியில் அவள் காரை ஒடித்த வேகத்தில், டிக்கியைக் கட்டியிருந்த கயிறு வழுக்கிக்கொண்டு போனது. டிக்கிக் கதவு வானத்தைப் பார்த்து எழும்பியது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் படுத்திருந்த சைக்கிள் சரிந்து, அதன் பின்சில்லு தார் ரோட்டைத் தொட்டது.

சாதாரண சைக்கிள் என்றால் சில்லு தன்பாட்டில் சுழன்றிருக்கும். இது ஃபிக்ஸி. கியரும் கிடையாது, மிதிக்காமல் சும்மா உருளுகிற வசதியும் கிடையாது. சில்லு சுற்றினால் பெடலும் சுற்றியே ஆக வேண்டும். சுற்றியது. மடக்கிய பின்சீட்டில் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி குந்தியிருந்த ரிஷாத்தின் தாடையில் பெடல் அறை அறையென்று அறைந்தது.

“உம்மோவ்!”

“பெயின்ட்! பெயின்ட் போகுது!” என்று முன்சீட்டிலிருந்து அலறினான் தன்ஸீல்.

சஃபா காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஒருவனுக்குத் தாடை போகிறது. இன்னொருவனுக்குப் பெயின்ட் போகிறது. தாடைக்காரன் அவள் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை. பெயின்ட்காரன் கூடப்பிறந்த நானா. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பழைய இரும்பு.

இறங்கிப் போய்க் கயிற்றைப் பார்த்தாள். கயிறு அறுந்திருக்கவில்லை. அதை மாட்டியிருந்த கொக்கிதான் வழவழவென்று, சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. வாப்பாவின் கைவண்ணம். பக்கீர் முகைதீனுக்கு வெரிபீ ஷொப்பிங் சென்டரில் சாவி வெட்டுகிற கடை. வெட்டின சாவியின் பிசிறைப் பெருவிரலால் தடவிப் பார்த்து அராவுகிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மேசை மூலை, கேட் தாழ்ப்பாள், கார்க் கொக்கி எதுவும் தப்பாது. ‘ஆருக்கும் கையில கிழிச்சிரப்படா’ என்பார். கை கிழியவில்லை. தாடைதான் வீங்கியது.

“கயிற ரெண்டு சுத்துச் சுத்துங்க” என்றாள் ரிஷாத்திடம். “இன்னொருக்கா விழுந்திச்செண்டா நான் நிப்பாட்ட மாட்டன். சொல்லிட்டன்.”

“ஓம்” என்றான் ரிஷாத்.

அவனுடைய அகராதியில் இந்த மூன்று வாரமாக அந்த ஒரு சொல்தான் மிச்சம்.

கதை இதுதான்.

அது மெல்பேர்ணில் தாடி வைத்தவன் எல்லாம் பழைய ரேஸ் சைக்கிளைத் தேடியலைந்த காலம். கியரைக் கழற்றி எறிவான், பிரேக்கையும் எறிவான், ஒற்றைப் பல்சக்கரத்தைப் பூட்டி பிரன்ஸ்விக் தெருக்களில் ஓட்டுவான். யாரோ குப்பைக்கு வெளியே வைத்திருந்த ஓர் எழுபதுகளின் ஃபிரேமை தன்ஸீல் தூக்கிக்கொண்டு வந்தான். பட்டறையில் கையால் ஒட்டிய ஃபிரேம். கருநீலப் பெயின்ட், விளிம்பெல்லாம் பொன் கோடு. அதற்குச் சில்லு, செயின், ஹான்டில், சீட் எல்லாம் தன் காசில் வாங்கிப் பூட்டியவன் அவனுடைய சிநேகிதன் ரிஷாத். ஞாயிறு தவறாமல் தன்ஸீல் வீட்டுக் கராஜில் இருவரும் எண்ணெய்க் கையோடு கிடந்தார்கள். தன்ஸீலின் தாய் சாரா உம்மா தேத்தண்ணி அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தது சஃபா. மீதியைச் சொல்லத் தேவையில்லை.

சாரா உம்மாவுக்குச் சம்மதம். வாப்பாவுக்கு அரைச் சம்மதம். அவர் மனதில் ஒரு டொக்டர் மாப்பிள்ளை இருந்தார். ரிஷாத் கணக்காளன். ‘அந்தத் தம்பி’ என்பார். நேரே கண்டால் ‘தம்பி, இருங்க’ என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கூட வராது. சுங்கத்தில் பெட்டி திறந்து பார்க்கிற அதிகாரி மாதிரி ஒரு தூரம்.

இப்போது தன்ஸீலுக்குச் சிட்னியில், பரமட்டாவில் வேலை கிடைத்துவிட்டது. சைக்கிளை விற்றுப் பாதி பாதி எடுப்பதென்று முடிவு. இன்டர்நெட்டில் படம் போட்டார்கள். பிரன்ஸ்விக்காரன் ஒருவன் படத்தைப் பார்த்தே ஆயிரத்து நானூறு டொலர் என்றான். சந்தோஷமாக வந்தான். குனிந்து பின்சில்லைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

பின்சில்லு பூட்டுகிற இடத்துக்குக் கீழே, கட்டைவிரல் அளவு ஒரு இரும்புக் காது நீட்டிக்கொண்டிருக்கும். பழைய காலத்தில் கியர் தொங்கியது அதில்தான். படத்தில் காது இருந்தது. சைக்கிளில் இல்லை.

“முந்நூறு” என்றான் வந்தவன். தன்ஸீல் கொடுத்த கோப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

காதை வெட்டியது யார்?

படம் எடுத்தபோது இருந்தது. அதற்குப் பிறகு தன்ஸீல் வீடு பார்க்கச் சிட்னி போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை கராஜில் சைக்கிளோடு இருந்தவன் ரிஷாத். “நீங்களா வெட்டின?” என்று கேட்டதற்கு, “நான் வெட்டல்ல” என்றான். “அப்ப ஆரு?” என்றதற்குப் பதிலே இல்லை. அன்றைக்குப் பூட்டிய வாய்.

“பிழை செஞ்சவனைக்கூட மன்னிக்கலாம் சஃபா” என்றான் தன்ஸீல். “ஒரு துண்டு இரும்புக்குப் பொய் சொல்றவன், நாளைக்கு உன்கிட்ட எதுக்கெல்லாம் சொல்லுவான்? இண்டைக்கு நாலு மணிக்கு அம்னா தாத்தா நாள் குறிக்க வாறாங்க இல்லியா? எல்லாருக்கும் முன்னால கேக்கப்போறன்.”

அம்னா தாத்தா ரிஷாத்தின் அக்கா. தாய் தகப்பனுக்குப் பதில் அவன் பக்கத்துக்கு அவர்தான் எல்லாம். மூக்கில் கோபம். ‘என்ட தம்பியையா கள்ளன் எண்டீங்க’ என்று ஒரு தடவை கதிரையை விட்டு எழும்பினால் பிறகு உட்காரமாட்டார். கல்யாணம் அந்தக் கதிரையோடு முடிந்துபோகும்.

கடைசியில் சஃபாதான் வழி சொன்னாள். அவள் வேலை செய்கிற பல் கிளினிக்கில் டொக்டர் சிறிதரன் பழைய சைக்கிள் பைத்தியம். அவரிடம் காட்டுவோம். விலையும் சொல்லுவார், எப்போது வெட்டியது என்றும் சொல்லுவார். பழைய வெட்டு என்றால் நானா மன்னிப்புக் கேட்க வேண்டும். புதுசு என்றால் ரிஷாத் வாய் திறக்க வேண்டும். பெரியவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

நிக்காஹ் முடியாத இரண்டு பேர் தனியாகக் காரில் போக முடியாது. ஆகவே நானாவும் ஏறினான். அவன் காலை நீட்டி முன்சீட்டில். மாப்பிள்ளை சைக்கிளோடு சைக்கிளாகப் பின்னால்.

* * *

“வாங்கோ, வாங்கோ. நோயாளி எங்க?”

சிறிதரன் கராஜ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வயது அறுபதுக்குக் கிட்ட. இறுக்கமான சைக்கிள் காற்சட்டை. அதைப் பார்க்காமல் இருப்பதற்கு சஃபா அவருடைய தலைக்கு மேலே தொங்கிய ஃபிரேம்களை எண்ணத் தொடங்கினாள். இறைச்சிக்கடை மாதிரி வரிசையாகத் தொங்கின.

“உதிலை மாட்டுங்கோ.”

சைக்கிள் ஸ்டாண்டில் ஏறியது. சிறிதரன் நெற்றியில் விளக்கைக் கட்டினார். கையில், அல்லாவே, பல் பார்க்கிற கண்ணாடி. அதை ஃபிரேமின் அடிவயிற்றில் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைத் திற என்று சொல்லாத குறை.

“டொக்டர், எங்களுக்குக் கொஞ்சம் அவசரம்” என்றாள் சஃபா.

“பிள்ளை, வேர் பாக்காமல் பல்லுப் புடுங்கலாமே?”

ஹான்டிலைத் தட்டினார். “சீனாச் சாமான்.” ரிஷாத்தின் முகம் சுருங்கியது. சீட்டை முகர்ந்தார். “பிளாஸ்ரிக்.” இன்னும் சுருங்கியது. சில்லைச் சுண்டினார், பெடல் சுற்றியது. “சில்லு பரவாயில்லை. செயின் நல்லது. பிரேக் எங்க?”

“ஃபிக்ஸிக்குப் பிரேக் போட்டா வடிவில்ல, டொக்டர்” என்றான் தன்ஸீல். “காலால எதிர்ச்சு மிதிச்சா நிக்கும்.”

“நிக்கும் நிக்கும். பல்லும் ரோட்டிலை நிக்கும். உங்களை மாதிரி ஆக்களாலதான் என்ரை வீட்டுக் கடன் முடிஞ்சது.”

தன்ஸீலுக்கும் முகம் சுருங்கியது. சஃபாவுக்கு அந்த ஒரு கணம் மட்டும் கொஞ்சம் இதமாக இருந்தது.

பொன் கோடுகளைப் பார்த்தபோது சிறிதரன் குரல் இறங்கியது. “ஆர் கீறினது இதை? கை நடுங்கவே இல்லை. தம்பி, இதைக் குப்பையிலையே எடுத்தனீர்? நான் முப்பது வருசமா இந்த ஊரிலை குப்பை பாக்கிறன், எனக்கு ஒரு சைக்கிள் மணிகூடக் கிடைக்கேல்லை.” பிறகு பின்பக்கம் போனார். குனிந்தார்.

கண்ணாடியைப் பின்சில்லுக்கு அடியில் விட்டார்.

“ஐயோ” என்றார் சிறிதரன்.

“பாத்தீங்களா!” என்றான் தன்ஸீல்.

“ஆரப்பா இந்தக் கொலையைச் செய்தது? விசரே?” விளக்கைக் கழற்றி மேசையில் வைத்தார். “காது இருந்திருந்தா இந்த ஃபிரேமை மட்டும் நான் ஆயிரத்துக்கு எடுப்பன். இப்பவே, காசு கையிலை. சேர்க்கிற ஆக்கள் பழையபடி கியர் பூட்டி, பிறந்த கோலத்திலை வைக்கத்தான் வாங்கிறது. கழட்டினதைப் பூட்டலாம், கீறினதுக்குப் பெயின்ட் அடிக்கலாம், வெட்டினதை என்ன செய்யிறது? இப்ப ஃபிரேமுக்கு நூறு. மிச்சச் சாமானுக்கு இருநூறு. முந்நூறுக்கு மேலை ஒரு சதம் தரமாட்டினம்.”

“எப்ப வெட்டினது, டொக்டர்?” என்றாள் சஃபா.

சிறிதரன் நகத்தால் சுரண்டினார். கருநீலம் மெல்லிய தோலாக உரிந்தது. உள்ளே இரும்பு பளபளத்தது.

“புதுசு. துருவே பிடிக்கேல்லை. மேலாலை பெயின்ட் தொட்டுவிட்டிருக்கினம். சும்மா பெயின்ட் இல்லை, நிறம் பாத்துக் கலந்தது.” மறுபடி குனிந்தார். இந்தமுறை ஏதோ ருசிப்பது மாதிரி பார்த்தார். “ஆனா ஒண்டு சொல்லவேணும். வெட்டினவன் மோடன், வேலை தெரிஞ்ச மோடன். வாளாலை அறுத்து, அரத்தாலை தேய்ச்சு, சாண்ட் பேப்பர் போட்டு வழவழ எண்டு வைச்சிருக்கிறான். நான் பல்லுக்குக் கிரவுண் வைச்சாலும் இவ்வளவு வடிவா வராது. அதோடை, இது ஒராள் வேலை இல்லை.”

“என்ன?”

“ஸ்டாண்டிலையோ குறட்டிலையோ இறுக்கின அடையாளம் ஒண்டும் இல்லை. வாள் ஒருக்காக்கூட வழுக்கேல்லை. ஒருத்தன் அறுக்க, மற்றவன் அசையாமல் பிடிச்சிருக்கிறான். ரெண்டு பேர்.”

தன்ஸீல் ரிஷாத்தை நோக்கித் திரும்பினான். அந்தத் திருப்பத்தில் ஒரு வெற்றி இருந்தது.

“ரெண்டு பேரா? ஆரக் கூட்டி வந்தீங்க மச்சான், எங்கட கராஜுக்கு?”

ரிஷாத் தாடையைத் தடவினான். “நான் வெட்டல்ல.”

“அதான் விளங்குதே. நீங்க பிடிச்சீங்க.”

ரிஷாத் மறுக்கவில்லை.

சஃபாவுக்கு உச்சந்தலை சுட்டது. மூன்று வாரம். மூன்று வாரமாக நானாவோடு மல்லுக்கட்டி, ‘அவர் அப்படிச் செய்ற ஆள் இல்ல’ என்று சண்டை பிடித்தது இந்த மனுசனுக்காகத்தான்.

“ஆரு வெட்டினது?” என்று நேராகவே கேட்டாள்.

“அது… சொல்ல ஏலா.”

“ஏலாவா? என்ன, சிநேகிதனா? காசு கொடுத்துப் பிடிச்ச ஆளா? ஏன் சொல்ல ஏலா?”

“சஃபா, அது இப்ப…”

“நாலு மணிக்கு நானா எல்லாருக்கும் முன்னால கேப்பார். அப்பவும் சொல்ல ஏலாண்டா, நாளும் குறிக்க ஏலா. நானே சொல்லிருவன்.”

“பிள்ளையள், இஞ்சை சண்டை வேண்டாம், சாமான் எல்லாம் விழுந்திடும்” என்று சிறிதரன் தன் ஃபிரேம்களுக்குக் குறுக்கே கை விரித்து நின்றார்.

திரும்பி வருகிற வழியில் கயிறு இறுக்கமாக இருந்தது. பின்சீட்டில் ரிஷாத் ஒரு பெடலைக் கையால் பிடித்தபடியே வந்தான்.

* * *

அம்னா தாத்தா நேரத்துக்கு முந்தியே வந்திருந்தார். புதுச் சாரி, இரண்டு தட்டு வட்டிலப்பம், கையில் காலண்டர். ஹோலில் சாரா உம்மாவோடு கதை களைகட்டியிருந்தது. ‘நோன்புக்கு முந்தியா, பெருநாள் கழிச்சா’ என்ற இடத்தில் நின்றது. ரிஷாத்தின் தாடையைப் பார்த்து, “இது என்ன?” என்றார்.

“பெடல்” என்றான் ரிஷாத்.

“இந்த சைக்கிளை இன்னும் விக்கல்லியா நீங்க?”

“அதப் பத்தித்தான் கதைக்கணும்” என்றான் தன்ஸீல், உட்காராமலே.

சஃபா குசினி வாசலில் நின்றாள். நிலையைப் பிடித்தபடி ரிஷாத்தைப் பார்த்தாள். ‘இப்பவாவது சொல்லுங்க’ என்று கண்ணால் கெஞ்சினாள், அதட்டினாள். அவன் கார்ப்பெட்டில் பூவை எண்ணிக்கொண்டிருந்தான்.

“வாப்பா எங்க?” என்றான் தன்ஸீல்.

“கதிரை எடுக்கக் கராஜுக்குப் போனார்” என்றார் சாரா உம்மா. “என்ன மகன், முகம் ஒரு மாதிரி? என்ன கதைக்கணும்?”

“எல்லாரும் இருக்கட்டும்.”

அம்னா தாத்தா காலண்டரை மூடினார். மூடிய சத்தமே கேட்டது.

அப்போது பக்கீர் முகைதீன் வந்தார். கையில் கதிரை இல்லை. சைக்கிள் இருந்தது. சாரா உம்மாவின் கார்ப்பெட்டுக்கு மேலாக, பெடல் இரண்டும் தன்பாட்டில் சுற்ற, உருட்டிக்கொண்டே வந்தார்.

“ஆரு இதக் கார்ல கட்டின?” என்றார் கோபமாக. “இஞ்ச பாருங்க, பின்பக்கம் பெயின்ட் உரிஞ்சிட்டு. நகத்தால சுரண்டின மாதிரி இரிக்கு. இந்த நிறத்தக் கலக்க நான் எவ்வளவு பாடுபட்டன் தெரியுமா?”

தன்ஸீலின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

“வாப்பா… நீங்க கலந்தீங்களா?”

“பின்ன ஆரு? கடையில கிடந்த மூணு டின்னையும் எடுத்துக் கலந்தன்.” பெருவிரலை அந்த இடத்தில் வைத்துத் தடவினார். முகத்தில் கோபம் போய்ப் பெருமை வந்தது. அம்னா பக்கம் திரும்பினார். “தொட்டுப் பாருங்க. இதுல ஒரு காது துருத்திக்கொண்டு நிண்டிச்சி. கியர் இல்லாத சைக்கிளுக்கு அது என்னத்துக்கு? வாங்கிற ஆளுட கால்ல கிழிச்சா ஆருக்குப் பாவம்? விக்கிற சாமான் வடிவா இரிக்கணும் எண்டு நானே அறுத்து மழுக்கி விட்டன். இவர் பிடிச்சிட்டு நிண்டார், அசையவே இல்ல. இப்ப என்ன, ரெண்டு மூணு நூறு கூடப் போகும்.”

அம்னா தாத்தா தொட்டுப் பார்த்தார். “பட்டு மாதிரி இரிக்கே” என்றார்.

தன்ஸீல் பக்கத்திலிருந்த கதிரையில் மெதுவாக உட்கார்ந்தான். காற்று இறங்குகிற டயர் மாதிரி.

“என்னமோ கதைக்கணும் எண்டியே மகன்?” என்றார் சாரா உம்மா.

தன்ஸீல் வாப்பாவைப் பார்த்தான். அவருடைய பெருவிரல் இன்னும் அந்த வழவழப்பில் இருந்தது. பிறகு ரிஷாத்தைப் பார்த்தான். வீங்கிய தாடை, குனிந்த தலை.

“ஒண்டுமில்ல உம்மா” என்றான். “நோன்புக்கு முந்தியே வைங்க. நான் லீவு போட்டுட்டு வாறன். சைக்கிளும் விக்கல்ல. மச்சானே வெச்சிக்கொள்ளட்டும்.”

காலண்டர் மறுபடி திறந்தது.

ரிஷாத் காலியான கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தான். சஃபா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், ஹோலில் கேட்காமலிருக்க.

“வாப்பா எண்டு எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நீங்க நானாக்குச் சொல்லுவீங்க. நானா மாமாக்கிட்டக் கேப்பார். மாமா மனம் என்ன பாடுபடும்? அவர் நல்லதெண்டு செஞ்ச வேல.”

“அதுக்காக நீங்க கள்ளனா நிப்பீங்களா? என்ன மனுசன் நீங்க! கல்யாணமே நிண்டிருக்கும்!” கோப்பையை அவள் வைத்த வைப்பில் பிடி கழன்றது. “சரி, வெட்டினா விலை போயிடும் எண்டு உங்களுக்குத் தெரியாதா? அதுக்குத்தான் பிடிச்சீங்களா?”

“தெரியும்.”

“தெரியுமா?”

“வாளை வைக்கக்கொள்ளயே தெரியும்.”

சஃபாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆயிரத்து நானூறு டொலர். மூன்று வாரச் சண்டை. “அப்ப ‘வெட்டாதீங்க மாமா’ எண்டு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல்லியா உங்களுக்கு?”

ரிஷாத் உடைந்த கோப்பைப் பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதன் கூரான விளிம்பைப் பெருவிரலால் தடவினான்.

“வாய் வந்திச்சி” என்றான். “சொல்லத்தான் போனன். அதுக்குள்ள, எப்பவும் ‘தம்பி’ எண்டே கூப்பிடுற உங்கட வாப்பா, ‘இறுக்கிப் பிடிங்க மகன்’ எண்டார்.”